குடத்தை உள்ளே எடுக்காதே

தம்பி,

நான் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று உனக்குப் பழக்கியவள் நான்தான். இன்றைக்கு அந்த மரியாதை உனக்குக் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு "ஓம், ஓம், யோசிப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அடுப்பில் பருப்பு இருந்தது. அதோடு வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாகவும் இருந்தது. நான் அழுதுகொண்டு சண்டை பிடித்தால் நீ அழுகையைத் தேற்றுவாய், சண்டையைக் காதில் விழுத்த மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாய் என்பதும் தெரியும். ஆகவே கொலோனில் இருக்கிற எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். பேர் போட மாட்டேன். ஆனால் இங்கே ஜேர்மனியில், ஹம்மில் இருக்கிற சனத்துக்கு யார் வீட்டுக் கதை என்று பாதி வாசிக்கும்போதே விளங்கிவிடும். விளங்கட்டும்.

நீ சொன்னது இதுதான். செப்டெம்பரில் உனக்கும் றேச்சலுக்கும் கல்யாணம். உன் ஊர்த் தேவாலயத்தில் சின்னதாக ஒரு சடங்கு, பிறகு உன் வீட்டு முற்றத்தில் சாப்பாடு. அதுவரை நல்ல செய்தி. அதற்குப் பிறகு குரலை இறக்கினாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என்னிடம் வரும்போதும் இதே குரல்தான். "அம்மா, நீங்கள் இந்தத் தூரம் அலைய வேண்டாம். அடுத்த வருசம் ஹம்மில ஒரு ஹோல் எடுத்து, எங்கட ஆக்களுக்கு வடிவாச் செய்வம்." எங்கட ஆக்கள். அந்தச் சொல்லை அன்றிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். நான் உன் கல்யாணத்து ஆள் இல்லை, எங்கட ஆக்களில் ஒரு ஆள். பிறகு நீயே உண்மையையும் சொல்லிவிட்டாய்: போன கோடையில் நடந்ததுபோல இன்னொரு தரம் நடந்தால் உனக்கு அந்த ஊரில் தலை நிமிர்த்த ஏலாதாம். சின்ன ஊராம், எல்லோரும் கதைப்பார்களாம், நீ அங்கே வாழ வேண்டுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். கம்பித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்குத் தெரியுமே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "இஞ்சேரும், அவன் சொல்றதிலையும் ஒரு ஞாயம் இருக்குத்தானே" என்றார். அந்த மனிதருக்கு உலகத்தில் எல்லோருடைய பக்கத்திலும் ஞாயம் தெரியும், என் பக்கத்தைத் தவிர. அன்றைக்கு அவருக்குச் சூடாகச் சோறு கிடைக்கவில்லை.

சரி, போன கோடைக்கு வருவோம். நடந்ததை நீ ஒரு விதமாக நினைவில் வைத்திருக்கிறாய், நான் வேறு விதமாக. மலர் வாசிக்கிற சனத்துக்கு இரண்டுமே தெரியாது. நீ அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டாய் என்றவுடன் நான் செய்த முதல் காரியம், கொலோன் தமிழ்க் கடையில் ஒரு பித்தளைக் குடம் வாங்கியதுதான். புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களிடம் இல்லை. விமான நிலையத்தில் அந்தக் குடத்தை வைத்து என்னைப் படுத்திய பாடு! இப்போதுதான் செருப்பையும் கழற்றச் சொல்கிற காலமாகிவிட்டதே. ஒரு பெடியன் உள்ளே கையை விட்டுத் தடவினான், கவிழ்த்துப் பார்த்தான், மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் வந்து இது என்ன என்று கேட்டார். தண்ணீர் வைக்கிறது என்றேன். தண்ணீர் எங்கே என்றார். மகன் வீட்டுக்குப் போனபிறகுதான் வரும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார்.

உன் ஊரை எனக்குப் பிடித்தது, தம்பி. பொய் சொல்லவில்லை. மிசூரி ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிற இடத்தில், ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கிடக்கிற ஊர். கீழே தண்டவாளமும், தானியம் கொட்டி வைக்கிற உயரமான கொங்கிரீட் குதிரும். நடுவில் செங்கல் கடைகள் இரண்டு பக்கமும் நிற்கிற ஒரே ஒரு பெரிய தெரு. மேலே மேட்டில் தேவாலயமும் சவக்காலையும். ஆறு பெருகினால் கீழ்த்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வருமாம், அதனால் வசதி வந்தவர்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள். நீயும் மேலேதான் வாங்கியிருக்கிறாய், புத்திசாலி. சாமான் ரயில் போகும்போது பாத்திரங்கள் அலுமாரியில் கிலுங்கும். ரயில் நிற்பதில்லை, நிலையம் இப்போது சனிக்கிழமைகளில் திறக்கிற சின்ன அருங்காட்சியகமாகிவிட்டது. சுற்றிவர சோளம், சோளம், சோளம்.

ஊரின் பெயரையும் சொல்லிவிடுகிறேன்: நியூ வேர்ல். நம் ஹம்முக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகிற வேர்ல்தான், நீ பள்ளிக்கூடத்துப் பெடியன்களோடு சைக்கிளில் போன அதே வேர்ல். அங்கேயிருந்து பிழைக்க வழியில்லாமல் கப்பலேறிய சனம், ஆற்றில் படகால் வந்து இறங்கி, விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டது. அகதியாகப் போன சனம் வேறென்ன செய்யும்? எனக்கு அதைக் கேட்டவுடன் அந்த ஊரில் ஒரு உரிமை வந்துவிட்டது. உனக்கு அது ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான்.

நீ காலையில் பண்ணை யந்திரம் செய்கிற உன் தொழிற்சாலைக்குப் போய்விடுவாய். அப்பா தோட்டத்தில் கதிரை போட்டு நித்திரை. நான் நடந்தேன். அங்கே ஒருவரும் நடப்பதில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கார்கள் பக்கத்தில் வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும், அம்மா, கார் பழுதாகிவிட்டதா, ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்பார்கள். நான் நடக்கிறேன் என்று சொன்னால் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசியில் தபால்காரி தொடக்கம் குதிரில் வேலை செய்கிற ஆள் வரைக்கும் எனக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தேவாலயத்து மண்டபத்தில் ஊரே சேர்ந்து மீன் பொரித்துச் சாப்பிடுகிறதே, அங்கேயும் போனேன். மீனுக்கு உப்பு மட்டும்தான் போட்டிருந்தார்கள், பாவங்கள். நான் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துப் போனதையும், தீயணைப்புக் குழுவின் தலைவர் அதைக் கேட்டு வாங்கிக் கண்ணீர் வடியச் சாப்பிட்டதையும் நீ அறிய மாட்டாய். அந்தக் குழுவில் இருக்கிற எல்லாரும் சம்பளமில்லாமல் வருகிறவர்களாம். அபாயச் சங்கு ஊதினால் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்களாம். நீ மீன் சாப்பாட்டுக்கு வரவில்லை. உனக்கு வேலை.

முன் வீட்டு ஹில்டாவையும் அப்படித்தான் பிடித்தேன். தொண்ணூறை நெருங்குகிற மனுசி, தக்காளிப் பாத்தியில் குனிந்தபடி எதையோ திட்டிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டால் ஜேர்மன். அதுவும் புத்தகத்து ஜேர்மன் இல்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஊர்ப்புறத்துக் கிழவிகள் தங்களுக்குள் கதைக்கிற பழைய பேச்சு. மருந்து குடிக்க மாட்டேன் என்று அவர்கள் என்னைத் திட்டித் திட்டியே எனக்கு அது பழகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அதே பேச்சில், உன் தக்காளிக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்றேன். ஹில்டா நிமிர்ந்து, சீலை கட்டின என்னைப் பார்த்து, பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவளுடைய குசினியில் கோப்பியும் கடதாசிச் சீட்டு விளையாட்டும். விளையாட்டில் களவு செய்வாள். பிடித்தால் காது கேட்காதது மாதிரி இருப்பாள். தன் அம்மாவோடு கதைத்த பேச்சைக் கதைக்க ஆளில்லாமல் எத்தனையோ வருடம் தக்காளியோடு கதைத்திருக்கிறாள், பாவி.

இனி அந்த நாள். ஓகஸ்டில் உன் ஊருக்கு ஒரு விழா இருக்கிறது. முந்தி ஒரு காலத்தில் பெரிய தெரு முழுவதும் எரிந்து சாம்பலானதாம். அதை நினைத்து வருடா வருடம் ஊர்வலம். முதல் நாள் நீதான் சாப்பாட்டு மேசையில் சொன்னாய்: நாளைக்கு ஊர்வலம் எங்கட தெருவாலதான் வரும், பழைய தண்ணிப் பம்பு வண்டி ஒன்றை எல்லாருமாகக் கயிறு பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவினம், சனம் எல்லாம் வீட்டு வாசல்ல நிண்டு வரவேற்கும் எண்டு. தம்பி, கொஞ்சம் யோசித்துப் பார். சில்லுப் பூட்டின வண்டி. ஊர் கூடி வடம் பிடிக்கிறது. வீட்டுக்கு வீடு வாசலில் சனம். இதைக் கேட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை என்ன செய்வாள்? விடிய எழும்பி வாசலைக் கழுவினேன். முக்காலியில் வெள்ளைத் துவாய் விரித்து, அரிசி பரப்பி, குடத்தை வைத்து, கழுத்து மட்டும் தண்ணீர் நிரப்பினேன். மாவிலைக்கு எங்கே போவது, உன் வாசலில் நிற்கிற மேப்பிள் மரத்து இலைதான். தேங்காய் பக்கத்து ஊர்ப் பெரிய கடையில் முந்தியே வாங்கியிருந்தேன். இரண்டு பக்கமும் விளக்கு. காற்றுக்குத் திரி அணைய அணைய, றேச்சல் வந்து குந்தியிருந்து, இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தாள். அவளுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. அணையக் கூடாது என்பது மட்டும் அவளுக்கு விளங்கியிருந்தது.

மேளமும் குழலுமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூலை திரும்புகிற நேரம் நீ உள்ளேயிருந்து வந்தாய். உன் முகம் போன போக்கை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் உன் தொழிற்சாலை ஆட்கள் நின்றார்கள். நீ அவர்களைப் பார்த்தாய், குடத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாய்:

"இது தேரில்லையம்மா. சனம் பாக்குது."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாய். தேங்காய் உருண்டு புல்லில் விழுந்தது. தண்ணீர் உன் புதுச் சட்டையில் கொட்டுண்டது. கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். றேச்சல் விளக்கை மறைத்த கையோடு அப்படியே இருந்தாள். பம்பு வண்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது விளக்குகளுக்கு நடுவில் வெறும் முக்காலியும் கொஞ்ச அரிசியும்தான் கிடந்தன. வண்டியில் நின்றவர்கள் பிள்ளைகளுக்கு இனிப்பு எறிந்தார்கள். என் காலடியிலும் இரண்டு விழுந்தன. நான் பொறுக்கவில்லை.

நான் பிழை விட்டேனாம். சரி, தேரில்லைதான். விழாவை மாற்றி விளங்கிக்கொண்டேன். அதற்கு நான் சிரிக்கத் தயார், நீயும் என்னோடு நின்று சிரித்திருக்கலாம். ஆனால் நீ சிரிக்கவில்லை, வெட்கப்பட்டாய். இந்தக் கண்டறியாத வெட்கத்தை எங்கே பிடித்தாய்? என்னிடமிருந்து இல்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையின் நெற்றித் திருநீற்றை எச்சில் தொட்டு அழித்துவிட்ட தாய்மார் ஹம்மில் இருந்தார்கள், அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. நான் அழிக்கவில்லை. உன் ரீச்சர் இது சோக்குத் தூளா என்று கேட்டதாக நீ வந்து சொன்ன அடுத்த நாள், நான் சீலை கட்டிக்கொண்டு, திருநீற்றுக் குட்டானோடு உன் வகுப்புக்கு வந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். முடிவில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது வேண்டுமாம். நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் தாய்மார் பின்னேரம் முழுக்கத் தொலைபேசி எடுத்தார்கள். நீ அன்றைக்கு வகுப்பில் ராசா மாதிரி நடந்து திரிந்தாய். அது உனக்கு நினைவில்லாமல் போகுமா?

ஹம்மில் நாங்கள் முதலில் தேர் இழுத்த வருடத்தை நினைத்துப் பார். ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் சாமி கும்பிட்ட சனம், தொழிற்சாலைகளுக்கு நடுவில், லொறி போகிற தெருவில் தேர் இழுத்தது. ஜூன் மாதத்து வெயில். உன் அப்பா தார்த் தெருவில் உருண்டு பிரதட்டை செய்தார், மேலெல்லாம் சிவந்துபோயிற்று. தெருக்கரையில் கதிரை போட்டு வேடிக்கை பார்த்த ஒரு ஜேர்மன் மனுசி எழும்பிப் போனாள். எங்களைப் பிடிக்கவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, உருளுகிற ஆட்களுக்கு முன்னால் தெருவை நனைத்துக்கொண்டே நடந்தாள், சாமி தீர்த்தமாடுகிற கால்வாய் வரைக்கும் குழாய் எட்டாத குறைக்கு வாளியால் அள்ளி ஊற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, போதும். நீ அவள் பக்கத்தில் ஓடி ஓடித் தண்ணீரில் விளையாடினாய். எங்களை அன்றைக்கு யாராவது உள்ளே போகச் சொல்லியிருந்தால், நாங்கள் போயிருந்தால், இன்றைக்கு அந்த ஊர் எங்கள் ஊராக இருக்காது. நாங்கள் வாசலில் நின்றோம், அதனால்தான் அவர்கள் எங்களைக் கண்டார்கள்.

இப்போது நீ அறியாததைச் சொல்கிறேன். ஊர்வலத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் நான் ஹில்டா வீட்டுக்குப் போகவில்லை, முகம் சரியில்லை. அவளே தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். வந்ததும் வராததுமாக அவள் கேட்ட முதல் கேள்வி, உன் வாளியை ஏன் உள்ளே எடுத்தார்கள் என்பதுதான். வாளியா என்றேன். நேற்று வாசலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாயே, எங்கள் ஊர்ப் பழக்கம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் உட்கார்ந்து சொன்னாள்.

பெரிய தெரு எரிந்தபோது, ஆறு கீழே நிறைய ஓடிக்கொண்டிருந்தும் தண்ணீரை மேலே ஏற்ற நேரம் போதவில்லையாம். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு வாளி தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானித்ததாம். வருடத்தில் ஒரு நாள் அந்தப் பம்பு வண்டியைக் கயிறு கட்டித் தெருத் தெருவாக இழுத்துப் போவார்கள். அது ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், வீட்டுக்காரர் தங்கள் வாளித் தண்ணீரை அதற்குள் ஊற்றுவார்கள். பெண்கள் வாளியைச் சுற்றிப் பூவும் இலையும் கட்டுவார்களாம். உன் அம்மா நட்டுக்கழன்று செய்தாள் என்று நீ நினைத்த வேலை, அந்த ஊரின் பழைய வேலை. நம்பாவிட்டால் சனிக்கிழமை நிலையத்துக்குப் போய்ச் சுவரில் தொங்குகிற படத்தைப் பார். நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வாசலுக்கு வாசல் ஒரு வாளி.

பிறகு ஏன் நின்றுபோனது என்று கேட்டேன். முதலாம் உலக யுத்தம் வந்ததாம். அமெரிக்காவும் ஜேர்மனியும் எதிரிகள். ஜேர்மன் கதைக்கிறவனைத் தெருவில் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்களாம். தெருப் பெயர்களை மாற்றினார்கள், தேவாலயத்தில் பிரசங்கம் இங்கிலீசானது, கடைக்காரன் பெயர்ப்பலகையைத் திருப்பி எழுதினான். அந்த வருட ஊர்வலத்துக்கு ஒரு வீட்டிலும் வாளி இல்லை. வெளியார் இதை ஜேர்மன் வழக்கம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். ஒருவரும் தடுக்கவில்லை, சட்டம் போடவில்லை. அவரவர் தாங்களாகவே எடுத்து வைத்துவிட்டார்கள். ஹில்டா அப்போது தொட்டிலில். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"சனம் பாக்கும் எண்டுதான் எங்கட அம்மாவும் வாளியை உள்ளுக்கு எடுத்தவ. ஒரு வருசத்துக்கு மட்டும் எண்டுதான் எடுத்தவ. பிறகு அது வெளியில வரவேயில்லை."

தம்பி, அதைத் திரும்ப ஒருக்கா வாசி. ஒரு வருசத்துக்கு மட்டும். நீயும் அப்படித்தானே சொல்கிறாய்? இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும், அம்மா. அடுத்த வருசம் ஹம்மில வடிவாச் செய்வம். ஹில்டாவுக்குப் பிறகு அவளுடைய பேச்சும் இல்லை. பிள்ளைகள் புரியாமல் பார்க்கிறார்கள், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பம்பு வண்டி இன்றைக்கும் தெருத் தெருவாகப் போகிறது, வெறும் வயிற்றோடு. ஏன் இழுக்கிறோம் என்று இழுக்கிறவர்களுக்கே தெரியாது. இந்த ஊரின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்று தொலைபேசியில் நீ எனக்குச் சொன்னாய். உனக்குத் தெரியுமா? வீட்டு விலை தெரியும், வெள்ளம் எதுவரை வரும் என்று தெரியும், எந்த ஆள் எந்தப் பதவியில் இருக்கிறான் என்று தெரியும். அந்தச் சனத்தோடு மீன் சாப்பிட்டாயா? அவர்களைப்போல இருக்க வேண்டும் என்று ஓடுகிறாய், அவர்கள் யார் என்று நின்று பார்க்கவில்லை. அவர்களும் எங்களைப்போல வந்து இறங்கி, பயந்து, மறைத்தவர்கள்தான்.

இதை அப்போதே உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ அந்த வாரம் முழுவதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகு பயண நாள் வந்துவிட்டது. இப்போது சொல்லியாகிவிட்டது. இனி என் முடிவைக் கேள். யோசிப்பம் என்று சொன்னேன் அல்லவா, யோசித்து முடித்துவிட்டேன். இரண்டு விமான ரிக்கற் எடுத்தாயிற்று. இல்லத்தில் லீவு கேட்டேன், என் மேலாளர் செப்டெம்பரில் ஏலாது என்றாள். என்னுடைய ஒரே மகனின் கல்யாணம், தந்தால் திரும்பி வருவேன், தராவிட்டாலும் போவேன் என்றேன். தந்துவிட்டாள். அப்பாவும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயம் பார்க்கிற மனிதர், பெட்டியைத் தூசு தட்டி நடுவறையில் கொண்டுவந்து வைத்தார். அது போதும் எனக்கு.

வரவேண்டாம் என்று நீ எனக்குச் சொல்ல ஏலாது. உன் ஊர்த் தேவாலயத்தில் என்ன சொல்கிறார்களோ, எந்தப் பாட்டுப் பாடுகிறார்களோ, நான் பின் வரிசை வாங்கில் சத்தமில்லாமல் இருப்பேன். அது றேச்சலின் வீட்டார் முறை, அதில் நான் தலையிட மாட்டேன். உன்னிடம் தாலியும் கேட்கவில்லை, ஐயரும் கேட்கவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் வீட்டு வாசலுக்கு வரும்போது, ஒரு பெண் பிள்ளை என் மகனின் பெண்சாதியாக முதன்முதல் அவன் வீட்டுக்குள் கால் வைக்கும்போது, வெறும் வாசலில் அவளைக் கூப்பிட என்னால் முடியாது. நிறைகுடம் வைத்துத்தான் கூப்பிடுவேன். காற்றுக்குக் கை மறைத்து என் விளக்கைக் காத்த பிள்ளை அவள். அவளை நான் அப்படிக் கூப்பிடாவிட்டால் நான் என்ன மாமி?

சனம் பார்க்கும் என்கிறாய். பார்க்கட்டும், அதற்குத்தானே வாசலில் வைக்கிறது. தீயணைப்புத் தலைவரையும் கூப்பிடு, மிளகாய்த்தூள் கொண்டுவருகிறேன் என்று சொல். கல்யாணம் முடிந்ததும் அவருடைய குழுவில் போய்ச் சேர். சம்பளமில்லாத வேலை, சங்கு ஊதினால் ஓட வேண்டும். அப்படி ஓடினவனை ஒரு ஊரும் வெளியாள் என்று சொல்லாது. இது புத்திமதி இல்லை, நாங்கள் ஹம்மில் கண்டது.

நேற்றுத் தொலைபேசிக் காட்டுப் போட்டு ஹில்டாவோடு கதைத்தேன். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றேன். குடத்தைப் பற்றியும் சொன்னேன். தன் அம்மாவின் வாளி கொட்டிலில் கிடக்கிறதாம், அடியில் ஓட்டையாம், ஆளைப் பிடித்து அடைப்பிக்கிறேன் என்றாள். அன்றைக்கு அவளும் தன் வாசலில் தண்ணீர் வைக்கப் போகிறாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய வாளி, இந்தப் பக்கம் என்னுடைய குடம். நடுவால் நீ உன் பெண்சாதியோடு நடந்து வரவேண்டும்.

உனக்கு ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். அந்தக் குடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் கராஜில், பெயின்ற் ரின்களுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்திருக்கிறாய். பயணத்தன்று பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன். அதை எடு. புளி போட்டு மினுக்கு, புளி கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழமும் உப்பும் போதும். என் இடுப்பு இப்போது நிறைந்த குடம் தூக்காது. உள்ளே கொண்டுபோனவன் நீ, வெளியே கொண்டுவந்து வைக்க வேண்டியவனும் நீதான். எதிர்ப்பக்கம் உன் தொழிற்சாலை ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து வை.

நான் வாறன்.

அம்மா